நிலம் எடுக்க வருமுன், கணக்கில் பெயர் ஏறட்டும்

கேள்வி: "எங்கள் ஊர்ப் பக்கம் தொழிற்பேட்டை வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாக 1 ஏக்கர் 20 சென்ட் நஞ்சை இருக்கிறது. அதையொட்டிய 2 ஏக்கரை 11 வருடமாக வாய்மொழிக் குத்தகைக்கு உழுது வருகிறோம். ஏரிப் புறம்போக்கில்தான் மாடு மேய்க்கிறோம். சென்னையில் மெட்ரோ ரயிலுக்கு இடம் கொடுத்தவர்களுக்குக் கை நிறையப் பணம் வந்தது என்கிறார்கள். எங்களுக்கும் அப்படி வருமா? இப்போதே செய்துவைக்க வேண்டியது என்ன?"

– வாசகர், உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: வாசகர் மூன்று விதமான நிலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். முதலாவது, பட்டா உள்ள நிலம். இரண்டாவது, பட்டா வேறொருவர் பெயரில் இருக்க, இவர் உழுகிற நிலம். மூன்றாவது, ஊரே பயன்படுத்துகிற, அரசுக் கணக்கில் புறம்போக்கு என்று இருக்கிற நிலம். ஒரே திட்டம் இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டாலும், மூன்றுக்கும் ஒரே மாதிரி இழப்பீடு வராது. எது கணக்கில் இருக்கிறதோ அதற்குத்தான் பணம் வரும். வாசகர் சென்னையை உதாரணம் காட்டியிருப்பதால், அந்தச் சென்னையிலேயே இந்த மூன்று விதமும் எப்படி நடந்தன என்று பார்த்துவிட்டு, செய்ய வேண்டியதற்கு வரலாம்.

பட்டா இருந்த இடம்: மெட்ரோ

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் சுமார் 119 கிலோமீட்டர். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாக ஒரு தடமும், கலங்கரை விளக்கத்தில் தொடங்கி மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, நந்தனம், தி.நகர் பனகல் பூங்கா வழியாக இன்னொரு தடமும் பூமிக்கடியில் போகின்றன. நிலையத்துக்கும் வாசலுக்கும் தரை மேல் இடம் வேண்டும் என்பதால் தனியார் இடங்களும் எடுக்கப்பட்டன. இந்தக் கட்டத்துக்கான நில எடுப்பு, தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டம், 1997 என்ற மாநிலச் சட்டத்தின் கீழ் நடந்தது. சிப்காட்டுக்கும், பரந்தூர் விமான நிலையத்துக்கும் பயன்படுவது இதே சட்டம்தான்.

அந்த உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் வந்தது, ஆட்சேபம் சொல்ல வாய்ப்பு இருந்தது, இழப்பீடு கணக்கிடப்பட்டது, ஒப்பாதவர்கள் நீதிமன்றம் போக முடிந்தது. பிறந்த வீட்டையோ மூன்று தலைமுறைக் கடையையோ விடுவது யாருக்கும் சுலபமில்லை. ஆனாலும் யாரிடம் பேசுவது, எந்தக் காகிதத்தைக் காட்டுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பத்திரமும் பட்டாவும் கையில் இருந்ததே அதற்குக் காரணம்.

புறம்போக்காக இருந்த இடம்: மாம்பல ஏரியும் மயிலாப்பூர்க் கடற்கரையும்

இன்று பட்டுப்புடவைக் கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த தி.நகர், நூறு வருடத்துக்கு முன் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். படகுப் போட்டி நடத்தும் அளவுக்கு அதில் தண்ணீர் நின்றது. மாம்பலம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். பக்கத்துச் சைதாப்பேட்டையில்தான் 1868-ல் வேளாண்மைப் பள்ளி தொடங்கியது. அதுவே 1906-ல் கோயம்புத்தூருக்கு மாறி, இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மூலமானது. வேளாண்மை கற்றுக்கொடுக்கத் தேர்ந்தெடுத்த வட்டாரம் அது.

1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதையடுத்து 1920-களில் ஏரியை வடித்து, மனை பிரித்து, சர் பிட்டி தியாகராய செட்டியார் பெயரில் நகர் எழுந்தது. வடக்கே இருந்த நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு', நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' என்று பெயர்கள் மட்டும் மிச்சம். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தி.நகர்த் தெருக்களில் தண்ணீர் நின்றபோது, அது பழைய ஏரிப்படுகை என்பது நகரத்துக்கு மறுபடி நினைவுக்கு வந்தது.

உழவர் கவனிக்க வேண்டியது இது. ஏரி அரசின் கணக்கில் இருப்பது. அரசு தன் நிலத்தைத் தானே வேறு வேலைக்குத் திருப்பும்போது அதற்கு 'நில எடுப்பு' என்று பெயர் கிடையாது. எடுப்பு இல்லை என்றால் நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை, இழப்பீடும் இல்லை. மதகுத் தண்ணீரை நம்பி நட்டவர், கரையில் மாடு மேய்த்தவர், ஏரியில் மீன் பிடித்தவர், கோரை அறுத்தவர் என்று யாருக்கு எவ்வளவு நட்டம் என்பது எந்தக் கோப்பிலும் ஏறாமலே போய்விடும்.

கடற்கரையிலும் இதே கதைதான். மயிலாப்பூரை ஒட்டிய நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரம், அடையாற்றுக்குத் தெற்கே ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் ஆகியவை மீனவர் ஊர்கள். படகு ஏற்றவும், வலை பிரிக்கவும், மீன் உலர்த்தவும் கடற்கரை மணல்தான் அவர்களுக்குக் களம். நெல்லுக்குக் களத்துமேடு எப்படியோ, மீனுக்கு மணல் அப்படி. ஆனால் களத்துமேட்டுக்குக் கிராமக் கணக்கில் பெயர் உண்டு. இந்த மணலுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை கடலோரமாகப் போட்ட லூப் ரோட்டில் மீன் விற்றவர்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. "சாலைக்கு முன்பே எங்கள் ஊர் இங்கே இருந்தது, சாலைதான் எங்கள் இடத்துக்குள் வந்தது" என்பது மீனவர் பக்க வாதம். பின்னர் 2024-ல் அங்கே மாநகராட்சி நவீன மீன் அங்காடி திறந்தது. கடை கிடைத்தது நல்லதே. ஆனால் மணல் மேல் அந்த ஊருக்கு உள்ள உரிமை என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இதற்கு ஒரு வழி சட்டத்திலேயே இருந்தது. 2011 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் ஊர்களையும் அவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் கிராமப் புல வரைபட அளவில் குறிக்கச் சொன்னது. சென்னைக் கடலோர இளைஞர்கள் சிலர் அரசு வரைபடத்தில் தங்கள் ஊர் விடுபட்டிருப்பதைக் கண்டு, தாங்களே அளந்து வரைபடம் போட முனைந்தார்கள். படகுத்துறை எது, வலை காயப்போடும் இடம் எது என்று குறித்தார்கள். உள்நாட்டு ஊர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மேய்ச்சல் நிலம், களம், சுடுகாட்டுப் பாதை, வாய்க்கால் எல்லாம் எந்தப் புல எண்ணில் இருக்கின்றன என்று ஊரார் ஒரு தாளில் எழுதிவைத்திருப்பது நல்லது.

அடையாற்றங்கரைக் குடிசைக் குடும்பங்களுக்கு நேர்ந்ததும் இதே வரிசைதான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரத்தின் தெற்கு ஓரமான பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. அதற்கு முன்பே பல குடும்பங்கள் கண்ணகி நகருக்குப் போயிருந்தன. தலைக்கு மேல் கூரை கிடைத்தது. ஆனால் மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்குப் பிழைப்பு ஒரு பக்கமும் வீடு இன்னொரு பக்கமுமாகிவிட்டது. பேருந்துக்கே நேரமும் கூலியும் கரைந்தன. கரையில் இருந்தபோது அவர்கள் கணக்கில் ஆக்கிரமிப்பாளர்கள். அதனால் போன பிழைப்புக்கு யாரும் விலை போடவில்லை.

சட்டம் யாரைப் பாதிக்கப்பட்டவர் என்கிறது?

1894-ம் ஆண்டுச் சட்டம் நிலத்துக்குச் சொந்தக்காரரை மட்டுமே பெரும்பாலும் பார்த்தது. அதற்குப் பதிலாக வந்த நிலம் கையகப்படுத்துதல், மறுவாழ்வு, மறுகுடியமர்வு தொடர்பான 2013-ம் ஆண்டுச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்கான விளக்கம் விரிவானது. சொந்த நிலம் இல்லாவிட்டாலும் கீழ்க்கண்டவர்கள் அதில் வருகிறார்கள்:

- நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக அங்கே வேலை செய்து, அதையே முக்கியப் பிழைப்பாகக் கொண்ட விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், வாரத்துக்கு உழுபவர்கள், கைவினைஞர்கள்.
- அதே மூன்று ஆண்டுகளாக நீர்நிலையையோ காட்டையோ நம்பிப் பிழைத்தவர்கள், மீனவர் உட்பட.
- அரசுத் திட்டத்தில் ஒப்படையாக நிலம் பெற்று, அந்த நிலம் எடுப்பில் போகிறவர்கள்.

இந்தக் குடும்பங்களுக்கு மறுவாழ்வாக ஒரு வேலை, அல்லது குடும்பத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் குறைந்தது 2,000 ரூபாய் என்ற மூன்றில் ஒன்றை இரண்டாம் அட்டவணை சொல்கிறது. இடம்பெயரும் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய், சாமான் ஏற்றிப்போக 50,000 ரூபாய், மறுகுடியமர்வுக்கு 50,000 ரூபாய் என்பவை தனி. ஆகவே கேள்வி கேட்ட வாசகருக்குக் குத்தகை நிலத்தின் விலை கிடைக்காது, ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற உரிமை உண்டு. 'மூன்று ஆண்டாக உழுகிறேன்' என்பதை அவர் காட்ட வேண்டும். இங்கேதான் வாய்மொழிக் குத்தகை காலை வாரிவிடும்.

எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்

நோட்டீஸ் வந்தால் முதல் வரியிலேயே சட்டத்தின் பெயர் இருக்கும். அதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

2013 சட்டத்தின் கீழ் என்றால், சமூகத் தாக்க மதிப்பீடு நடக்கும், கிராமத்தில் பொது விசாரணை நடக்கும். முதல்நிலை அறிவிக்கை வந்து 60 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். தனியார் நிறுவனத்துக்கு என்றால் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் 80 சதவிகிதமும், அரசு–தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70 சதவிகிதமும் சம்மதிக்க வேண்டும். பல போகம் விளையும் பாசன நிலத்தைக் கடைசி வழியாக மட்டுமே எடுக்கலாம் என்றும் இந்தச் சட்டம் சொல்கிறது. சாலை, ரயில் போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்கு இந்த விதி கிடையாது.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், 1956 என்றால் ஆட்சேபத்துக்கு 21 நாள்தான். சமூகத் தாக்க மதிப்பீடு இல்லை.

தமிழ்நாட்டின் மூன்று சட்டங்கள் தனி வகை. தொழில் நோக்கச் சட்டம் 1997, நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978-ம் ஆண்டுச் சட்டம் ஆகியவையே அவை. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இவற்றின் கீழான எடுப்புகள் செல்லாது என்றது. மாநில அரசு அதே ஆண்டில் புதுச் சட்டம் இயற்றி இவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே இந்த வழியில் வந்தால் சமூகத் தாக்க மதிப்பீடும் 80 சதவிகிதச் சம்மதமும் கிடையாது. இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் 2013 சட்டத்தின் அட்டவணைப்படி தர வேண்டும். ஆட்சேபம் சொல்வதற்கான கெடு நோட்டீஸிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது. தொழிற்பேட்டை என்றால் வாசகருக்கு வரக்கூடியது பெரும்பாலும் இந்த வகைதான்.

ஏரி, ஓடை உள்ள இடங்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டப் பகுதிக்குள் நீர்நிலை, வாய்க்கால் வந்தால் அந்த அரசு நிலங்களை ஒருங்கிணைத்துத் தருவதற்கு 2023-ல் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. இதில் மக்கள் கருத்தைக் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. ஆயக்கட்டுதாரர்கள் அந்தக் கட்டத்தில் எழுத்தில் பேசினால்தான் கோப்பில் நிற்கும்.

கிணறும் மரமும் விட்டுப்போனால் நட்டம் இரட்டிப்பு

இழப்பீட்டுக் கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், எதில் கவனம் வேண்டும் என்பது புரியும்.

முதலில் நிலத்தின் சந்தை மதிப்பு. பத்திரப் பதிவு வழிகாட்டி மதிப்பு, சுற்றுப்புறத்தில் கடந்த மூன்று ஆண்டு விற்பனைப் பத்திரங்களின் மேல்பாதிச் சராசரி, சம்மதித்த விலை ஆகிய மூன்றில் எது அதிகமோ அது. கிராமப்புறம் என்றால் அதை 1 முதல் 2 வரையிலான ஒரு பெருக்கல் காரணியால் பெருக்குவார்கள். அதோடு நிலத்தில் உள்ள கிணறு, மரம், கட்டடம் இவற்றின் மதிப்பைக் கூட்டுவார்கள். வந்த மொத்தத்துக்குச் சமமான தொகையை, அதாவது 100 சதவிகிதத்தை, ஆறுதல் தொகையாகச் சேர்ப்பார்கள்.

ஓர் உதாரணம். ஒரு ஏக்கர் மதிப்பு 10 லட்சம், பெருக்கல் காரணி 1.25 என்று வைத்துக்கொண்டால் 12.5 லட்சம். கிணறும் தென்னையும் சேர்ந்து 2 லட்சம் என்றால் 14.5 லட்சம். ஆறுதல் தொகையோடு 29 லட்சம். கிணறும் தென்னையும் கணக்கில் விட்டுப்போனால் 25 லட்சம்தான். 2 லட்ச ரூபாய்ச் சொத்து விடுபட்டதற்கு 4 லட்சம் நட்டம்.

வழிகாட்டி மதிப்பைத் தனி ஆளாக மாற்ற முடியாது. ஆனால் கிணறு, மரம், குழாய்ப் பதிப்பு, சொட்டுநீர், தொழுவம், உலர்களம், வேலி இவை கணக்கில் ஏறுவது உழவர் கையில் இருக்கிறது. மரங்களையும் நிற்கும் பயிரையும் மதிப்பிட வேளாண்மை, தோட்டக்கலை, வனத்துறைகளில் அனுபவம் உள்ளவர்களை மாவட்ட ஆட்சியர் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சட்டத்தின் 29-வது பிரிவு சொல்கிறது. அவர்கள் ஒரு நாள் வந்து பார்த்துப் போவார்கள். அன்று வயலில் ஆள் இல்லாவிட்டால், பாதி மரம் தாளில் இருக்காது.

அதற்காக இப்போதே செய்ய வேண்டியவை:

- ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, இனம், நட்ட வருடம், காய்ப்பில் உள்ளதா என்று நோட்டில் எழுதுங்கள். இளங்கன்றும் காய்க்கும் மரமும் ஒரே மதிப்பு அல்ல.
- வரப்பு மரங்களையும் சேருங்கள். பனை, வேம்பு, புங்கன், தேக்கு பெரும்பாலும் விட்டுப்போகும்.
- கிணற்றின் ஆழம், விட்டம், கட்டுமானம், ஆழ்துளைக் கிணறு என்றால் போட்ட வருடமும் அடி அளவும், மின் இணைப்பு எண் ஆகியவற்றைக் குறியுங்கள்.
- சொட்டுநீர் மானிய ஆணை, மண்வள அட்டை, பயிர்க் காப்பீட்டு ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம், நெல் கொள்முதல் ரசீது இவற்றை ஒரே கவரில் வையுங்கள்.
- தேதி தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் உள்ள பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள்.
- மதிப்பீட்டுக் குழு வரும் நாளில் குடும்பத்தில் ஒருவர் கூடவே நடங்கள். குறித்த பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். விடுபட்டது இருந்தால் அன்றே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பட்டா, அடங்கல், குத்தகை: மூன்று வேலை

*பட்டா:* தாத்தா பெயரில் பட்டா இருந்தால், பணம் வரும் நாளில் வாரிசுகள் எல்லோரும் வந்து நிற்க வேண்டும். சண்டை வந்தால் தொகை தீர்ப்பு வரும் வரை முடங்கிக் கிடக்கும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கி, இ-சேவை மையம் வழியாகப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவது இன்னும் நல்லது. பெண் பிள்ளைகளை வாரிசுப் பட்டியலில் விடக் கூடாது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்பது 2005 முதல் நாடு முழுவதற்கும் சட்டம். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 1989-ல் இதற்கு வழி செய்யப்பட்டது. முதல்நிலை அறிவிக்கை வந்துவிட்டால் ஆட்சியர் அனுமதி இல்லாமல் நிலத்தை விற்கவோ எழுதிவைக்கவோ முடியாது. ஆகவே இந்த வேலையை அதற்கு முன் முடிக்க வேண்டும்.

*அடங்கல்:* ஒவ்வொரு பருவமும் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தப் பாசனம் என்பதைப் பதிவது அடங்கல். இரண்டு போகம் விளையும் நிலத்துக்கு ஒரு போகம் மட்டும் பதிந்திருந்தாலோ, 'தரிசு' என்று இருந்தாலோ, பல போகப் பாசன நிலம் என்று வாதாட இடமில்லாமல் போகும். வி.ஏ.ஓ.விடம் இந்தப் பசலிக்கான அடங்கலைக் கேட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் ஜமாபந்தியில் மனு கொடுங்கள்.

*குத்தகை:* தமிழ்நாட்டில் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969 முதல் இருக்கிறது. வட்டாட்சியர் நிலையில் உள்ள பதிவு அலுவலரிடம் விண்ணப்பித்தால், நில உரிமையாளரையும் விசாரித்துப் பதிவேட்டில் ஏற்றுவார். தானும் குடும்பமும் உடலுழைப்பைப் போட்டுப் பயிரிடுபவருக்கு 1955-ம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. உரிமையாளர் தயங்குவார் என்பது உண்மை. குத்தகைப் பதிவால் நிலம் கைமாறிவிடாது, நிலத்தின் விலை அவருக்கே போகும், மறுவாழ்வு உதவி மட்டுமே உழுபவருக்கு என்பதை ஊர்ப் பெரியவரை வைத்துப் பேசுங்கள். அதற்கும் இணங்காவிட்டால், குத்தகை நெல் அளந்த ரசீது, பயிர்க்கடன், காப்பீடு, கொள்முதல் நிலையத்தில் கொடுத்த வி.ஏ.ஓ. சான்று என்று மூன்று ஆண்டுக்கான அடையாளங்களைச் சேருங்கள்.

புறம்போக்கில் இருந்து பி-மெமோ அபராதம் கட்டியவர்கள் அந்த ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். அது உரிமையைத் தராது, ஆனால் அங்கே இருந்ததற்கு அரசே கொடுத்த சாட்சி.

ஊர் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும்?

பரந்தூர் விமான நிலையத்துக்கான இடம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 5,000 ஏக்கருக்கு மேல் தேவைப்படும் அந்தத் திட்டத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டது. தீர்மானம் மட்டும் திட்டத்தை நிறுத்திவிடாது. ஆனால் இந்த ஊர் சம்மதிக்கவில்லை என்பது அரசின் பதிவேட்டிலேயே இருக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை உண்டு. மேய்ச்சல் நிலம், ஏரி, வாய்க்கால் இவற்றின் பயன்பாட்டை அந்தத் தீர்மானத்தில் புல எண்ணோடு எழுதுங்கள்.

சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை வழக்கிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆரம்ப அறிவிக்கை செல்லும் என்றது. அதே தீர்ப்பு, வெறும் அறிவிக்கையை வைத்து வருவாய்ப் பதிவில் உழவர் பெயரை மாற்றியது தவறு, பழையபடி திருத்த வேண்டும் என்பதையும் உறுதி செய்தது. ஆகவே அறிவிக்கை வந்த பிறகும் பட்டாவை அவ்வப்போது இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் மாறியிருந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள்.

சுருக்கமாகச் சில கேள்விகள்

கேள்வி: தொகையை வாங்கிக்கொண்டால் பிறகு கூடுதல் கேட்க முடியாதா?

பதில்: முடியும். ஆனால் வாங்கும்போதே 'மறுப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மறுப்பு எழுதாமல் வாங்கியவர் 2013 சட்டத்தில் கூடுதல் கேட்டு மனு போட முடியாது. தொகையை முடிவு செய்த நாளில் நேரில் இருந்தவர் ஆறு வாரத்துக்குள் மனு போட வேண்டும். இல்லாதவருக்கு, ஆட்சியரின் நோட்டீஸ் கிடைத்து ஆறு வாரம் அல்லது தொகை முடிவான நாளிலிருந்து ஆறு மாதம், எது முன்னதோ அது. தேசிய நெடுஞ்சாலை என்றால் நடுவரிடம் போக வேண்டும்.

கேள்வி: இழப்பீட்டுக்கு வருமான வரி உண்டா?

பதில்: 2013 சட்டத்தின் 96-வது பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது. வேறு சட்டத்தின் கீழ் எடுத்தால், பணத்தை வேறு வேலைக்குத் திருப்புமுன் ஓர் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே?

பதில்: பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உரிமையாகவே உண்டு. வட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். திட்ட வரைபடமும் புல எண் பட்டியலும் வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

உத்திரமேரூர் வாசகருக்கு முடிவாக: மெட்ரோ உரிமையாளர்களுக்குக் கிடைத்த நடைமுறை, உங்கள் 1 ஏக்கர் 20 சென்ட்டுக்கு உண்டு, பட்டா உங்கள் பெயருக்கு வந்திருந்தால். 2 ஏக்கர் குத்தகைக்கு மறுவாழ்வு உதவி உண்டு, மூன்று ஆண்டுச் சாட்சி இருந்தால். ஏரிப் புறம்போக்குக்குத் தனி ஆளாக எதுவும் வராது, அதை ஊர் சேர்ந்து கிராம சபையில்தான் பேச வேண்டும். திட்டம் வராமலே போனாலும் இந்த வேலை எதுவும் வீணாகாது. தனிப் பட்டா கடனுக்கு உதவும், சரியான அடங்கல் காப்பீட்டுக்கு உதவும். வாரிசுச் சான்றுக்கான மனுவை முதலில் கொடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.